உங்க கைராசி நல்லாத்தான் இருக்கு பாஸ்!

செமஸ்டர் எக்ஸாம், கார்த்திகை மழை, மூணு நாளாகியும் காயாத ஜீன்ஸ்... இந்த மூணும் ஒண்ணா வந்து நிக்கிற சீஸன்ல, நாலாவதா ஒரு சோகமும் சைலன்ட்டா நடக்கும். காலேஜ் திறந்தப்போ ஆசை ஆசையா வாங்கி ஜன்னல் ஓரம் வச்ச மணி பிளான்ட், மார்கழி பிறக்கிறதுக்குள்ள மஞ்சளாகி, தலை தொங்கி, ஒருநாள் தொட்டியோட குப்பைக்குப் போயிடும். ரூம்மேட் வந்து தோள்ல தட்டி, 'விடு மச்சி, உனக்குக் கைராசி இல்ல'னு தீர்ப்பும் எழுதிடுவார். அத்தோட முடிஞ்சது கதை. டிகிரி முடியிற வரைக்கும் நீங்க செடி பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டீங்க.

ஹலோ, ஒரு நிமிஷம்! கைராசிங்கிறது ரேகையில இருக்கிற சமாசாரம் இல்லீங்க. செடி வளர்க்கத் தெரிஞ்சவங்க, மண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு தண்ணி ஊத்துறாங்க. மத்தவங்க, பார்க்காமலே ஊத்துறாங்க. வித்தியாசம் அவ்வளவுதான். குளிர்கால மாசங்கள்ல நம்ம ரூம் செடிகள் சாகுறதுக்குக் குளிர் காரணமே இல்லை. காரணம், நம்ம கையில இருக்கிற தண்ணி மக்! எப்படின்னு பார்த்துடலாமா?

குளிர் மேல பழி போடாதீங்க!

'டிசம்பர் குளிர் தாங்காம செடி போயிடுச்சு'னு ஃபீல் பண்றவங்களுக்கு ஒரு கணக்கு. சென்னையில டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்ல சராசரியா 20, 21 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். அங்கே பதிவான ரெக்கார்டு குளிரே 13.9 டிகிரி. அதுவும் 1905 ஜனவரியில! மணி பிளான்ட் நிஜமாவே நடுங்க ஆரம்பிக்கிறது ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே போனாத்தான். நமக்கு ஸ்வெட்டர் எடுக்கத் தோணுற குளிர், அதுக்கு ஏ.சி. தியேட்டர் மாதிரி. ஜாலியா உட்கார்ந்திருக்கும்.

அப்போ என்னதான் மாறுது? வெளிச்சம்!

ஜூன் 21-ம் தேதி சென்னையில சூரியன் ஏறக்குறைய 12 மணி 50 நிமிஷம் டூட்டி பார்க்கும். டிசம்பர் 21-ல அது சுமார் 11 மணி 20 நிமிஷம்தான். ஒன்றரை மணி நேரம் கட்! போதாக்குறைக்கு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டோட வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இந்த மூணு மாசத்துலதான் கொட்டுது. நல்ல வெயில்ல வெட்டவெளியில ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். மேகம் மூடினா அது பத்தாயிரம் லக்ஸ், சமயத்துல அதுக்கும் கீழே. ரூமுக்குள்ள, ஜன்னலைவிட்டுப் பத்தடி தள்ளி உங்க கட்டில் பக்கத்துல சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிய விஷயம். நம்ம கண்ணு இதுக்கெல்லாம் தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதால நமக்கு வித்தியாசம் தெரியாது. செடிக்கு அந்த வசதி கிடையாது. இதுல ஜன்னல் கம்பி முழுக்க ஈர டவலையும் ஜீன்ஸையும் தொங்கவிட்டா, பாவம், அதுக்கு முழுநேர பவர்கட்!

இலைதான் செடியோட மெஸ். வெளிச்சம்தான் அந்த மெஸ்ஸுக்கு கேஸ் சிலிண்டர். கேஸ் குறைஞ்சா சமையல் குறையும். சமையல் குறைஞ்சா தண்ணி செலவும் குறையும். காத்துலயும் ஈரம் அதிகமா இருக்கிறதால இலை வழியா ஆவியாகிப் போற தண்ணியும் கம்மி. மே மாசத்துல மூணு நாள்ல காய்ஞ்ச அதே தொட்டி, டிசம்பர்ல பத்து நாளானாலும் ஈரமாவே கிடக்கும். ஆனா நம்ம கை மட்டும் மே மாச டைம்டேபிள்லயே ஓடிட்டு இருக்கும்.

மண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில காத்து இருக்கும். வேர் மூச்சு விடுறது அந்தக் காத்துலதான். நீங்க ஊத்திக்கிட்டே இருந்தா அந்த இடத்தையெல்லாம் தண்ணி பிடிச்சுக்கும். வேருக்கு மூச்சு முட்டும். அந்த நேரம் பார்த்து பித்தியம் மாதிரி கிருமிகள் புகுந்து வேரை அழுக வச்சிடும். அழுகின வேரால தண்ணி உறிஞ்ச முடியாது. அதனால தொட்டி நிறைய தண்ணி இருந்தும் இலை வாடும். வாடுதேன்னு பதறிப்போய் நாம என்ன செய்வோம்? இன்னொரு மக் ஊத்துவோம்! கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்குச் சட்டுனு புரியும், இது பக்கா பாசிட்டிவ் ஃபீட்பேக். முடிவு எப்பவுமே அபாயம்தான்.

ஈர்க்குச்சி போதும்!

'தினமும் காலையில அரை டம்ளர்', 'திங்கள், வியாழன் ரெண்டு நாள்'னு டைம்டேபிள் போட்டு ஊத்துறது ஓப்பன் லூப். வெளியில மழையா, வெயிலானு அதுக்குத் தெரியாது. நமக்கு வேண்டியது க்ளோஸ்டு லூப். அதுக்கு சென்சார் வாங்கக் காசு செலவு பண்ண வேணாம். ஹாஸ்டல் துடைப்பத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுங்க. தொட்டி ஓரமா அடி வரைக்கும் மெதுவா இறக்கி, ரெண்டு நிமிஷம் விட்டு எடுங்க. இட்லி வெந்துச்சானு குத்திப் பார்ப்பாங்களே, அதே டெக்னிக்! குச்சியில ஈரமண் ஒட்டியிருந்தா, இன்னிக்குத் தண்ணி கேன்சல். காய்ஞ்சு சுத்தமா வந்தா, ஊத்தலாம்.

இன்னொரு வழி, தூக்கிப் பார்க்கிறது. தண்ணி ஊத்தின உடனே தொட்டியை ஒருதரம் தூக்கி அந்த வெயிட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. நாலு நாள் கழிச்சுத் திரும்பத் தூக்குங்க. ரெண்டு மூணு தடவை பழகிட்டா, கண்ணை மூடிட்டே சொல்லிடுவீங்க.

இதுல ஒரு உள்குத்து இருக்கு. நர்சரியில வாங்குற செடிகள் பலதும் தேங்காய் நார்க்கழிவுல, அதாங்க கோகோபீட்டுல வச்சிருப்பாங்க. அது தன் எடையைவிடப் பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மேலே பார்த்தா வறண்டு வெளுத்திருக்கும், அடியில சொதசொதன்னு இருக்கும். மேல்மண்ணைப் பார்த்து ஏமாறாம குச்சியை அடி வரைக்கும் விடச் சொன்னது அதுக்குத்தான்.

ஊத்துறப்போ எப்படி ஊத்தணும்? தினம் ஒரு ஸ்பூன்னு கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டி அடி ஓட்டை வழியா வெளியே வர்ற அளவுக்கு ஒரே தடவையில நல்லா ஊத்திட்டு, கீழ்த்தட்டுல தேங்குறதைக் கொட்டிடுங்க. அப்புறம் காயுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க. அடியில ஓட்டையே இல்லாத அழகு பீங்கான் கப்புல செடி வச்சிருக்கீங்களா? மழை சீஸன்ல அது செடிக்கு வச்ச பொறி. ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில செடியை வச்சு, அதை அந்தக் கப்புக்குள்ள இறக்கிக்கோங்க. தண்ணி ஊத்தும்போது மட்டும் வெளியே எடுத்தாப் போதும்.

யாருக்கு எவ்வளவு? ஸ்நேக் பிளான்ட் நம்ம ஊர் மருளுக்குச் சொந்தக்காரர். தண்ணி வீணாகாம இருக்க இலைத்துளையைப் பெரும்பாலும் ராத்திரியிலதான் திறப்பார். இஸட் இஸட் பிளான்ட், மண்ணுக்குள்ள உருளைக்கிழங்கு சைஸ்ல கிழங்கு வச்சு அதுல தண்ணியைச் சேமிச்சு வச்சிருக்கும். இந்த ரெண்டுக்கும், கூடவே கற்றாழைக்கும், இந்த சீஸன்ல மூணு வாரத்துக்கு ஒருதரம் தண்ணி காட்டினாலே தாராளம். கற்பூரவல்லிக்கும் தண்ணி ரொம்பப் பிடிக்காது. பீஸ் லில்லிதான் கொஞ்சம் சீன் பார்ட்டி. தாகம் எடுத்தா மொத்தமா சாய்ஞ்சு மயங்கி விழுந்துடும், தண்ணி ஊத்தினா சில மணி நேரத்துல எழுந்து நிக்கும். ஆனா மண் ஈரமா இருக்கும்போதே சாய்ஞ்சா, அது நடிப்பு இல்லை. வேர்ல பிரச்னை!

சூரியன் தெற்கே போயாச்சு... உங்க செடி?

மொபைல்ல காம்பஸ் இருக்கில்ல, எடுங்க. உங்க ரூம் ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கு?

நம்ம ஊர்ல ஜூன் மாச நடுப்பகல்ல சூரியன் உச்சிக்கு லேசா வடக்கே இருக்கும். டிசம்பர்ல தென்கிழக்குப் பக்கம் உதிச்சு, தென்மேற்குப் பக்கம் மறையும். உச்சிப்பொழுதுலகூட தெற்கே நல்லாச் சரிஞ்சுதான் நிக்கும். டிசம்பர் 21-ம் தேதி சென்னையில நடுப்பகல் சூரியனோட உயரம் சுமார் 53 டிகிரி. இதை வச்சு என்ன பண்றது? சிம்பிள். ஜூன்ல ஒரு பொட்டு வெயில் வராத தெற்கு ஜன்னல்ல இப்போ வெயில் சாய்ஞ்சு உள்ளே வரும். வடக்கு ஜன்னல்ல நேரடி வெயில் இப்போ சுத்தமா ஜீரோ.

அதனால வடக்கு ஜன்னல் ரூம்காரங்க, செடியைக் கம்பிக்கு ஒட்டி நகர்த்துங்க. துணியெல்லாம் காரிடார் கொடியில காயட்டும். தெற்கு ஜன்னல்காரங்க ராஜா! மணி பிளான்ட்டைத் தாராளமா ஜன்னல்ல வைக்கலாம். அக்லோனிமா, பீஸ் லில்லி மாதிரி மென்மையான பார்ட்டிகளை மட்டும் ரெண்டடி தள்ளி வைங்க, இல்லைன்னா இலை கருகும். வாரம் ஒருதரம் தொட்டியைக் கால் திருப்பு திருப்பிவிட்டா, செடி ஒரே பக்கமா சாயாது. ஈரத்துணியால இலைத் தூசியைத் துடைச்சா, இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் உள்ளே போகும். ஸ்டடி ஹாலிடேஸ்ல எப்படியும் எல்.இ.டி. டேபிள் லேம்ப் எரியும் இல்லையா? செடியை அதுக்கு ஒரு அடி பக்கத்துல வைங்க. நீங்க படிச்ச மாதிரியும் ஆச்சு, அது சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு!

ஏடிஸுக்கு இலவச ஹாஸ்டலா?

இது செடியோட உயிர் மட்டும் இல்லை, உங்க விங்ல இருக்கிற மொத்தப் பேரோட உடம்பு சம்பந்தப்பட்ட மேட்டர். மழை மாசங்கள்ல டெங்கு தலைதூக்குறது நமக்குப் புதுசு இல்லை. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்லை. தெளிஞ்ச, தேங்கின தண்ணிதான் அதுக்கு இஷ்டம். தொட்டிக்குக் கீழே இருக்கிற தட்டு, மணி பிளான்ட் நிக்கிற கண்ணாடி பாட்டில், லக்கி பாம்பூ வச்சிருக்கிற கிண்ணம்... எல்லாமே அதுக்கு ஃபைவ் ஸ்டார் ரூம்.

முட்டையில இருந்து கொசுவா மாற அதுக்குச் சுமார் ஒரு வாரத்துல இருந்து பத்து நாள் ஆகும். அதனால ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறப்போ, கூடவே ஒரு அஞ்சு நிமிஷம். பாட்டில் தண்ணியை முழுசாக் கொட்டி, உள்பக்கம் சுவரை நல்லாத் தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்துங்க. தேய்க்கிறது ரொம்ப முக்கியம். ஏன்னா அது முட்டையை ஒட்டிவைக்கிறது பாத்திரத்தோட சுவர்லதான். பாட்டில் வாயைப் பஞ்சாலயோ வலைத்துணியாலயோ அடைச்சிட்டா இன்னும் சேஃப். தட்டுல தேங்குறதை அப்பப்போ கொட்டிடுங்க.

இலை என்ன சொல்லுது?

கீழ் இலைகள் ஒவ்வொண்ணா மஞ்சளாகுது, மண் ஈரமா இருக்கு: தண்ணி ஓவர். ஊத்துறதை நிறுத்திட்டு, வெளிச்சம் காட்டுங்க.

இலை நுனி பழுப்பா மொறுமொறுனு, மண் கல்லு மாதிரி: தண்ணி போதலை. தொட்டியோட அடிப்பாகத்தை அரை மணி நேரம் தண்ணி பக்கெட்டுல வைங்க.

புது இலை குட்டியா, தண்டு மட்டும் நீளநீளமா: வெளிச்சம் இல்லாம ஏங்குது.

மண்ணுல இருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்குது: மேல்மண் காயவே இல்லைனு அர்த்தம். காயவிட்டாலே பாதி கூட்டம் காலி.

இலைக்காம்பு இடுக்குல வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புத் தண்ணி கலந்து, சாயந்திர நேரத்துல துடைச்சுவிடுங்க. வாரம் ஒருதரம்னு மூணு வாரம். அந்தத் தொட்டியை மத்த செடிகள்கிட்ட இருந்து தள்ளி வைங்க.

பால்கனி துளசி இலையெல்லாம் சிறுத்து, பூங்கதிரா விடுது: கதிரைக் கிள்ளிவிட்டு, வெயில் படுற இடத்துக்கு நகர்த்துங்க. பூக்கிறதுல போற சக்தி இலைக்கு வரும்.

செடி கை மீறிப் போயிடுச்சா? தொட்டியில இருந்து உருவி வேரைப் பாருங்க. வெளுப்பா, உறுதியா இருந்தா நல்ல வேர். பழுப்பா, கொழகொழன்னு, நாத்தமா இருந்தா அழுகல். அதையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால வெட்டிட்டு, புது மண்ணுல ஆத்து மணலோ, உடைச்ச செங்கல் பொடியோ கலந்து நடுங்க. மணி பிளான்ட்டா இருந்தா இன்னும் ஈஸி. பச்சையா இருக்கிற தண்டை, கணுவுக்கு ஒரு இஞ்ச் கீழே வெட்டித் தண்ணியில போடுங்க. கணு கட்டாயம் தண்ணிக்குள்ள இருக்கணும், வேர் விடுறது அங்கேதான். சில வாரத்துல வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். குப்பைக்குப் போக வேண்டியது, மறுபிறவி எடுத்து உங்க டேபிள்ல உட்காரும்.

ஒரு முக்கிய வேண்டுகோள் மக்களே... மிச்ச டீயைத் தொட்டியில ஊத்தாதீங்க! பாலும் சர்க்கரையும் சேர்ந்து எறும்பையும் பூஞ்சையையும்தான் கூட்டிட்டு வரும். உரமும் இப்போ வேணாம். பசியே இல்லாத ஆளுக்கு பிரியாணி ஊட்டின கதையா, செடி எடுத்துக்காத உப்பு மண்ணுல தங்கி வேரைப் பொசுக்கும்.

பொங்கல் லீவுக்குப் போறீங்களா?

பத்து, பன்னிரண்டு நாள் லீவுன்னா, மண்ணுல இருக்கிற மணி பிளான்ட்டுக்குக் கிளம்புறதுக்கு முதல் நாள் நல்லா ஊத்தி, ஜன்னல் திரையைத் திறந்து வச்சுட்டுப் போங்க. இந்த சீஸன்ல அதுவே போதும். ஸ்நேக், இஸட் இஸட் ரெண்டுக்கும் டாட்டா சொன்னாப் போதும், ஒண்ணுமே செய்ய வேணாம்.

அதிக தாகம் உள்ள செடிக்குத் திரி வைத்தியம். ஒரு லிட்டர் பாட்டில் மூடியில ஓட்டை போட்டு, பருத்திக் கயிறைப் பாட்டில் அடி வரைக்கும் விட்டு, மூடியை இறுக்குங்க. கயிறோட மறுமுனை தொட்டி மண்ணுல ரெண்டு இஞ்ச் ஆழத்துல புதையணும். கயிறை முன்னாடியே நனைச்சிடுங்க. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுற அதே தத்துவம்தான். நைலான் கயிறு வேலைக்கு ஆகாது. மூடி இருக்கிறதால கொசுவும் நுழையாது. ஊருக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வச்சு, மண் எந்த அளவுக்கு நனையுதுன்னு ஒரு ட்ரையல் பார்த்துடுங்க.

துளசி, கொத்தமல்லி வகையறாவை டே ஸ்காலர் ஃப்ரெண்டு வீட்டுக்கு அனுப்புங்க. ஆனா அவங்க அம்மாகிட்ட, 'ஆன்ட்டி, குச்சி வச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க'னு சொல்லிட்டு வாங்க. அம்மாக்களோட பாசம் தண்ணியா பொழியும்!

ஊட்டி, டெல்லி, டொரன்டோ...

இதுவரைக்கும் பார்த்தது சமவெளிக் கதை. மலை ஏறினா ரூல்ஸ் மாறும். ஊட்டியில டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உறைபனி கொட்டும், ராத்திரி வெப்பநிலை ஜீரோவைத் தொடும். அங்கே மணி பிளான்ட்டும் அக்லோனிமாவும் வெளியே இருந்தா, ஒரே ராத்திரியில இலை வெந்த கீரையாயிடும். சாயந்திரமே உள்ளே எடுத்துடுங்க, ஜன்னல் கண்ணாடியில இலை ஒட்டாம வைங்க.

டெல்லி பக்கம் படிக்கிறவங்களுக்கும் இதேதான். ஜனவரி ராத்திரிகள்ல 10 டிகிரிக்குக் கீழே போறது அங்கே சர்வ சாதாரணம். பகலும் டிசம்பர்ல சுமார் 10 மணி 20 நிமிஷம்தான். ரூம் ஹீட்டர் காத்து நேரா செடி மேல படாம பார்த்துக்கோங்க.

எம்.எஸ். படிக்க டொரன்டோ பக்கம் போன சீனியர்ஸோட பிரச்னை வேற. ஜீரோ டிகிரி காத்துல ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 5 கிராம் நீராவிதான் நிக்கும். அதையே ஹீட்டர் 20 டிகிரிக்குச் சூடாக்கினா, அந்தக் காத்தால சுமார் 17 கிராம் தாங்க முடியும். ஆனா இருக்கிறதோ அதே 5. அதாவது ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்கும் கீழே! அதனாலதான் வெளிநாட்டு வீடியோக்கள்ல எல்லாம் 'குளிர்காலத்துல ஹ்யூமிடிஃபையர் வைங்க, இலை மேல ஸ்ப்ரே அடிங்க'னு சொல்றாங்க. அவங்களுக்கு அது சரி. சட்டையே காயாத நம்ம கார்த்திகை மாசத்துல அதை அப்படியே காப்பியடிச்சு ஸ்ப்ரே அடிச்சா, இலையில புள்ளி நோய்தான் மிச்சம். டிப்ஸ் எங்கே இருந்து வருதுன்னு பார்த்துட்டு ஃபாலோ பண்ணுங்க.

நாசா சொன்னது நிஜமா?

'ரூம்ல நாலு செடி வச்சா காத்து சுத்தமாகும், நாசாவே சொல்லியிருக்கு'னு நர்சரியில இருந்து வாட்ஸ்அப் வரைக்கும் ஒரு டயலாக் உண்டு. நாசா 1989-ல ஆராய்ச்சி பண்ணினது உண்மைதான். ஆனா அது காத்து புகாம மூடின சின்ன அறையில. நம்ம ரூம்ல கதவும் ஜன்னலும் இருக்கே! இதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2019-ம் வருஷக் கட்டுரை ஒண்ணு, சாதாரணக் காத்தோட்டம் செய்ற வேலையைச் செடிகள் செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1,000 செடி வரைக்கும் தேவைன்னு கணக்குப் போட்டுச்சு. செடியை வச்சா நமக்கு எங்கே இடம்? ஜன்னலைத் திறங்க, அது போதும். செடி, செடியா இருக்கிறதுக்காகவே இருக்கட்டும்.

வீட்டைவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு மெஸ், துணிக்கு லாண்டரி, டவுட்டுக்கு சீனியர்னு எல்லாத்துக்கும் யாரோ நம்மளைப் பார்த்துக்கிற வயசு இது. நாம பார்த்துக்கணும்னு அந்த ரூம்ல இருக்கிற ஒரே உயிர், அந்த அம்பது ரூபாய் செடிதான். வாய் திறந்து கேட்காத ஒண்ணுக்கு என்ன வேணும், எப்போ வேணாம்னு கவனிச்சுத் தெரிஞ்சுக்கிறதுதான் கைராசி. அதுக்கு எந்த என்ட்ரன்ஸும் எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் கடைசி வாரத்துல இருந்தே பகல் கொஞ்சம் கொஞ்சமா நீள ஆரம்பிச்சிடும். மேகம் விலகி, வெயில் ஏற ஏற, ஒரு காலையில கணுவுல சுருட்டி வச்ச மாதிரி ஒரு குட்டி இலை நீட்டும். அப்போ தண்ணியைக் கொஞ்சம் கூட்டுங்க, மாசி மாசத்துல உரம் போடுங்க, தொட்டி மாத்துங்க. தை பிறந்தா வழி பிறக்கும்னு சொல்றது செடிக்கும் சேர்த்துத்தான். அதுவரைக்கும்... மக்கைக் கீழே வைங்க பாஸ், ஈர்க்குச்சியைக் கையில எடுங்க!